ஏறிய சிகரங்களை இணைய வரைபடமாக்குவோருக்கு

மலையேறிவிட்டு வருகிறவர்களின் ஃபோனில் தடங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு செயலியில் பர்வதமலை, இன்னொன்றில் வெள்ளியங்கிரி, நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பில் குமாரபர்வதம். எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் சேர்த்து, சிகரத்தின் மேல் விரலை வைத்தால் ஏறிய தேதியும் பாதையும் படமும் விரியும்படி இணையத்தில் வைப்பது இன்று பெரிய வேலை இல்லை. ஒரு சனி, ஞாயிறு போதும், பணமும் தேவையில்லை.

ஸ்காட்லாந்தில் இந்தப் பழக்கத்துக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளை ஹியூ மன்ரோ 1891இல் பட்டியலிட்டார். இன்று அந்தப் பட்டியலில் 282 சிகரங்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஏறி முடிப்பதை வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர்கள் அங்கே ஏராளம். இணையத்தில் நாம் பார்க்கும் அழகான சிகர வரைபடங்கள் பலவும் அந்த மரபில் வந்தவை. அங்கே பொறுப்போடு மலையில் நடக்கும் உரிமையை 2003ஆம் ஆண்டுச் சட்டமே தந்திருக்கிறது. பாதையை வரைந்து ஊருக்குக் காட்டினால் பெரும்பாலும் யாருக்கும் கெடுதல் இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்படி இல்லை. உயர்ந்த சிகரங்களில் பெரும்பாலானவை காப்புக்காடு, தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்குள் இருக்கின்றன. நம் மலைகளுக்கு வரைபடம் போடுகிறவர், 'நான் எங்கே போனேன்' என்று பதிவு செய்வதோடு, பார்ப்பவரை எங்கே அழைக்கிறோம் என்பதையும் முடிவு செய்கிறார். கீழே இருப்பவை அந்த நினைப்போடு எழுதியவை.

செய்ய வேண்டியவை

பட்டியலை முதலில் எழுதுங்கள். வரைபடக் கருவியைத் திறப்பதற்கு முன்பு ஒரு விரிதாள் போதும். சிகரத்தின் பெயர், உள்ளூரில் வழங்கும் வேறு பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், அந்த உயரம் எங்கிருந்து எடுத்தது, மாநிலம், வனக்கோட்டம், அனுமதி நிலை, ஏறிய தேதி, தடக்கோப்பின் பெயர். ஒவ்வொரு சிகரத்துக்கும் ஓர் எண் கொடுத்துவிடுங்கள். பெயரை மட்டும் நம்பினால் குழப்பம் வரும். அகத்தியமலையைக் கேரளத்தில் அகஸ்தியர்கூடம் என்கிறார்கள், பொதிகை என்று சொல்வோரும் உண்டு. மூன்று பெயரில் மூன்று புள்ளி விழுந்த வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன்.

உயரத்துக்கு ஆதாரம் குறிக்கச் சொல்வது சம்பிரதாயத்துக்காக இல்லை. மீசைப்புலிமலை 2640 மீட்டர், தொட்டபெட்டா 2637 மீட்டர் என்பது பரவலாக வழங்கும் கணக்கு. மூன்று மீட்டர்தான் வித்தியாசம். எந்த அளவீட்டை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வரிசை மாறிவிடலாம். ஸ்காட்லாந்திலேயே 2009இலும் 2012இலும் மறுபடி அளந்தபோது இரண்டு மலைகள் 3000 அடிக்குச் சற்றுக் குறைவு என்று தெரியவந்து பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஒரு நிலையான எண்ணும் ஆதாரக் குறிப்பும் இருந்தால், நாளை உயரம் திருந்தினாலும் உங்கள் வரைபடம் குலையாது.

ஃபோன் காட்டும் உயரத்தைச் சோதித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் மலையேறுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஜிபிஎஸ் கணக்கிடும் உயரம், பூமியை வழுவழுப்பான நீள்வட்ட உருண்டையாக வைத்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்து அளப்பது. நாம் புத்தகத்தில் படிக்கும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்தது. இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. புவியீர்ப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் கடல்மட்டமும் மேடு பள்ளமாகத்தான் இருக்கிறது. உலகிலேயே மிக ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் அந்த நீள்வட்டப் பரப்பைவிட 106 மீட்டர் கீழே. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நம் தென்னிந்தியா முழுவதும் இருக்கிறது. நம் மலைகளில் இந்த வித்தியாசம் சுமார் 90 மீட்டர்.

அதனால் திருத்தம் செய்யாத ஒரு செயலி, தொட்டபெட்டா உச்சியில் 2550 மீட்டரை ஒட்டிய ஓர் எண்ணைக் காட்டும். ஃபோன் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சில செயலிகள் இந்தத் திருத்தத்தைத் தாமே செய்துவிடும், சில செய்யாது. மெரினாவில் மணலில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்: கடல்மட்டத்துக்கு 80, 90 மீட்டர் கீழே நிற்பதாகக் காட்டினால் அது திருத்தாத செயலி. அதில் பதிந்த தடங்களின் உயர வரைகோட்டை அப்படியே இணையத்தில் ஏற்றாதீர்கள்.

ஃபோனை விட்டுவிட்டு நில உயரத் தரவிலிருந்து எடுப்போரும் உண்டு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்த தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அது சுமார் 30 மீட்டர் கட்டத்துக்கு ஓர் எண் தருவது. கூரான பாறை உச்சிகளில் அந்த எண் உண்மை உயரத்தைவிடக் குறைவாகவே வரும். சிகரப் புள்ளிக்கு வெளியான அளவீட்டையும், பாதையின் ஏற்ற இறக்கத்துக்கு இந்தத் தரவையும் வைத்துக்கொள்வது நல்லது.

தடக்கோப்பைச் சுத்தம் செய்யுங்கள். நொடிக்கு ஒரு புள்ளி என்று பதிந்தால் ஆறு மணி நேர நடைக்கு 21,600 புள்ளிகள். இருபது மலை சேர்ந்தால் பக்கம் திறப்பதற்குள் பார்ப்பவர் போய்விடுவார். பேருந்தில் வந்த பகுதியை வெட்டுங்கள். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஜிபிஎஸ் அலைந்து போட்ட சிக்கலை எடுங்கள். பிறகு ஐந்து மீட்டர் அளவுக்குக் கோட்டை எளிமையாக்குங்கள்; கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, புள்ளிகள் பல மடங்கு குறையும். சோலைக்காட்டுக்குள் மரக்கூரை அடர்ந்த இடத்தில் சமிக்ஞை தடுமாறி, கோடு சரிவுக்கு வெளியே தாவியிருக்கும். அதைக் கையால் திருத்துங்கள். மொத்த ஏற்றத்தைக் கணக்கிடுவதற்கு முன்பு இதைச் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடுமாற்றமும் கூடிக்கூடி, ஏறாத நூறு இருநூறு மீட்டரைக் கணக்கில் சேர்த்துவிடும். மூலக்கோப்பை மட்டும் தொடாமல் தனியே பத்திரப்படுத்துங்கள்.

கருவி எளிதாக இருக்கட்டும். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேல் இயங்கும் யூமேப் போதும். கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு லீஃப்லெட். உக்ரைனைச் சேர்ந்த வொலோதிமிர் அகாஃபோன்கின் 2011இல் வெளியிட்ட இந்த நூலகம் இன்றும் சுமார் 40 கிலோபைட்தான். கிட்ஹப்பில் இலவசமாகவே பக்கத்தை வைக்கலாம்.

நிலையைக் காட்ட மூன்றாவது குறியும் வேண்டும். ஏறியது, ஏறாதது என்று இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். பாதியில் திரும்பிய மலைக்கும் ஒரு குறி கொடுங்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதனால் திரும்பினீர்கள் என்று எழுதுங்கள். மார்ச் மாதத்தில் எந்த ஓடை வற்றியிருந்தது, மழைக்குப் பிறகு எந்தப் பாறை வழுக்கியது, புதிதாகக் கிடந்த யானைச் சாணத்தை எங்கே பார்த்து வழிகாட்டி திரும்பச் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். அடுத்து போகிறவருக்கு உச்சியில் எடுத்த படத்தைவிட இந்த மூன்று வரி அதிகம் உதவும். குறிகளை நிறத்தால் மட்டும் பிரிக்காமல் வடிவத்தாலும் பிரியுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள்.

ஒவ்வொரு சிகரத்துக்கும் அனுமதி விவரம் எழுதுங்கள். உயரத்துக்கு அடுத்த வரியே இதுவாக இருக்கட்டும். அகத்தியமலைக்குக் கேரள வனத்துறை வழக்கமாக ஆண்டின் முதல் மாதங்களில் முன்பதிவுடன் போனக்காடு வழியாக அனுப்புகிறது. வெள்ளியங்கிரி ஏழுமலைக்குப் பிப்ரவரி முதல் மே வரைதான் பொதுவாக அனுமதி. 2695 மீட்டர் உயர ஆனைமுடி இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது; சுற்றுலாப் பயணிகள் ராஜமலைப் பகுதியைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான், அதுவும் வரையாடுகள் குட்டி போடும் பருவத்தில் பூங்காவையே மூடிவிடுவார்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தில் 40 பாதைகளை முன்பதிவுக்குத் திறந்தது. உங்கள் சிகரம் அந்தப் பாதைகளில் ஒன்றில் இருந்தால் அதைக் குறிப்பிட்டு, முன்பதிவுப் பக்கத்தின் இணைப்பையும் கொடுங்கள்.

வரைபடத்துக்குக் கீழே அதே விவரத்தைப் பட்டியலாகவும் வையுங்கள். மலையடிவார டீக்கடையில் கிடைக்கும் சிக்னலில் வரைபடம் திறக்காது, எழுத்து திறக்கும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி வரியைக் கண்ணில் படும்படி போடுங்கள். அதன் உரிம நிபந்தனையே அதுதான். அதோடு நிற்க வேண்டாம். 2004 முதல் தன்னார்வலர்கள் சேர்த்துவரும் அந்த வரைபடத்தில் நம் மலைகள் பலவற்றுக்குத் தமிழ்ப் பெயர் இல்லை, சிலவற்றுக்குப் பெயரே இல்லை. அடிவாரத்து ஊரில் கேட்டு உறுதி செய்த பெயரை உள்ளே சேர்த்தால் உங்கள் வரைபடத்தோடு உலகத்தில் எல்லோருடைய வரைபடத்திலும் அது தமிழில் தெரியும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

செய்யக்கூடாதவை

அனுமதி இல்லாத பாதையின் கோட்டைப் பொதுவில் போடாதீர்கள். ஒரே ஒரு விதியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்றே தனி ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது.

ஃபோனில் தெரியும் கோட்டுக்குப் பருவம் தெரியாது. நீங்கள் டிசம்பரில் ஈரப்புல் மேல் நடந்து பதிந்த அதே கோடு, மார்ச்சில் இடுப்புயரம் காய்ந்து நிற்கும் போதைப்புல் வழியாகப் போகும். வழிகாட்டி அழைத்துப் போனதால் சுற்றிக்கொண்டு போன ஒரு பள்ளத்தை, கோட்டைப் பார்த்து வருகிறவர் குறுக்கே கடக்கப் பார்ப்பார். நீங்கள் பழைய காலத்தில், விதி வருவதற்கு முன்பு, அல்லது ஆய்வுக்கான தனி அனுமதியோடு போயிருக்கலாம். வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை. அவருக்குத் தெரிவது ஒரு வழி இருக்கிறது என்பது மட்டும்தான். அப்படிப்பட்ட மலைகளுக்கு உச்சியில் ஒரு புள்ளி போதும், தடக்கோப்பைத் தரவிறக்கும் பொத்தானும் வேண்டாம். கேட்டு எழுதுகிறவரிடம் அந்த வனச்சரக அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 'நீங்கள் மட்டும் போனீர்களே' என்று கோபிப்பார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

ஏறியது இத்தனை விழுக்காடு என்று காட்டும் பட்டையில் மூடிய மலைகளைச் சேர்க்காதீர்கள். சிகர வரைபடங்களில் எல்லோருக்கும் பிடித்த அம்சம் அந்தப் பட்டை. இருபதில் பதினேழு முடிந்தது என்று பார்த்துவிட்டால் மீதி மூன்று மனதை உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த மூன்றில் ஆனைமுடியும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் இன்னொரு மலையும் இருந்தால், திருட்டுத்தனமாக ஏறச் சொல்லித் தூண்டுவது நீங்கள் எழுதிய கணக்குதான். முறையாகப் போக முடிந்த மலைகளை வைத்து மட்டும் விழுக்காடு போடுங்கள். யார் வேகமாக ஏறினார்கள் என்ற தரவரிசையும் நம் காடுகளுக்கு வேண்டாம்.

விலங்கும் செடியும் இருந்த இடத்தைத் துல்லியமாகக் காட்டாதீர்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேய்கிற பாறைச்சரிவு, பருந்தின் கூடு, ஆர்க்கிட் தொற்றியிருக்கும் மரம், இவற்றுக்கு உங்கள் வரைபடத்தில் இடமில்லை. குறிஞ்சி மறுபடி பெருமளவில் பூக்க வேண்டியது 2030இல். 2018இல் பூத்தபோது எவ்வளவு கூட்டம் திரண்டது என்பதை மூணாறு பக்கம் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சொல்லியே ஆக வேண்டுமென்றால் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ என்று ஆகிவிடும். படங்களுக்குள்ளும் ஃபோன் இடத்தைப் பதிந்து வைத்திருக்கும். ஏற்றுவதற்கு முன்பு அதை நீக்குங்கள். சிகரத்துக்கும் பாதைக்கும் ஐந்து இலக்கம் போதும், ஐந்தாவது இலக்கமே ஏறக்குறைய ஒரு மீட்டர்.

மலையில் வாழ்கிறவர்களின் வழிபாட்டிடத்தைக் காட்சிப் பொருளாக்காதீர்கள். அகத்தியமலைச் சாரலில் காணிக்காரர்கள், பழனிமலைப் பக்கம் பளியர்கள், நீலகிரியில் தோடர்கள். முக்குருத்திச் சிகரம் தோடர்களுக்கு இறந்தோரின் உலகத்தோடு தொடர்புடைய புனித மலை. வழியில் ஒரு கல்லும் வேலும் கண்டால் உடனே புள்ளி வைத்துப் பெயர் சூட்டுவது எந்த வகையில் நியாயம்? அந்த ஊர்க்காரரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் இது பொருந்தும்.

வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் தடத்தை ஏற்றாதீர்கள். ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வெப்பவரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்களை வைத்தே ராணுவ முகாம்களின் அமைப்பு தெரிவதை 2018 ஜனவரியில் ஒரு மாணவர் கண்டுபிடித்தார். ராணுவத்துக்கே அந்தக் கதி. தொடக்கத்திலும் முடிவிலும் சில நூறு மீட்டரை வெட்டிவிடுங்கள். உடன் வந்தவர்களின் பெயரையும் முகத்தையும் அவர்களைக் கேட்காமல் போடாதீர்கள். பயணம் முடிந்து ஊர் திரும்பிய பிறகே பதிவேற்றுங்கள்.

அட்சரேகை, தீர்க்கரேகை வரிசையை மாற்றிவிடாதீர்கள். ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வர வேண்டும், லீஃப்லெட்டில் நேரடியாக எழுதும்போது அட்சரேகை முதலில். புதிதாகச் செய்கிறவர்களின் புள்ளிகள் காணாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஆனைமுடியின் 10.17, 77.06 என்ற இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால், ஆர்க்டிக் பகுதியில் ஸ்வால்பார்டுக்கு மேற்கே கடலில் போய் நிற்கும். மலை எங்கே என்று தேடுவதற்கு முன்பு வடக்கே உருட்டிப் பாருங்கள்.

பழைய நிலவரைபடத்தின் எண்களை அப்படியே எடுக்காதீர்கள். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற பெயருடைய நீள்வட்டப் பரப்பை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் வேறொன்றைப் பயன்படுத்துகிறது. மாற்றாமல் போட்டால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். செங்குத்தான மலையில் நூறு மீட்டர் என்றால் உச்சிப்புள்ளி பள்ளத்தில் விழுந்திருக்கும். கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம்.

வரைபடச் சில்லுகளை மொத்தமாகத் தரவிறக்காதீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வழங்கிகள் நன்கொடையில் ஓடுகின்றன, மொத்தத் தரவிறக்கத்தை அவர்கள் வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறார்கள். கூகுளின் செயற்கைக்கோள் படத்தைக் குறுக்கு வழியில் இழுத்துப் போடுவதும் விதிமீறல்தான். கட்டணச் சேவையின் சாவியைப் பக்கத்தில் வைத்தால் உங்கள் தளத்தில் மட்டுமே அது செல்லும்படி கட்டுப்படுத்துங்கள்.

போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு சிகரத்தின் குறிப்பிலும் 'அனுமதி விவரம் கடைசியாகச் சரிபார்த்த தேதி' என்று ஒரு வரி இருக்கட்டும். ஆண்டுக்கு மூன்று முறை உட்கார்ந்தால் போதும்: அகத்தியமலை முன்பதிவு அறிவிப்பு வரும் ஜனவரி, காட்டுத்தீ பயத்தால் வனத்துறை பாதைகளை மூடத் தொடங்கும் பிப்ரவரி, தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஜூன். மூடிய பாதையின் கோட்டை அன்றே மறைத்து, திறந்த பிறகு மறுபடி காட்டுங்கள். லீஃப்லெட்டில் அது ஒரு வரி வேலை. ஓராண்டுக்கு மேல் சரிபார்க்க முடியாமல் போனால் கோடுகள் எல்லாமே தாமாக மறைந்து, சிகரப் புள்ளிகள் மட்டும் நிற்கும்படி முதலிலேயே நிரலை எழுதி வைத்துவிடுங்கள்.